பொன்னி பேரில் பதினோரு ஏக்கர்

அத்தியாயம் 17

போன வாரம் சிங்காரம் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு சாபம் விட்டானே, ஞாபகம் இருக்கிறதா? "எங்க துட்டுல வாங்கின சொத்த எவன் பேருல ஒளிச்சு வெச்சிருக்காங்களோ, அவன் கை வெந்து போவணும்க்கா!" என்றான். அக்கா பொன்னி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தச் சொத்து தன் பேரில்தான் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வாள், பாவம்!

இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

பொன்னிக்குக் கடலூர் முதுநகரில் வாடகை வீடு. புருஷன் காத்தவராயன் இருபத்தாறு வருஷமாக ஒரே முதலாளிக்குக் கார் ஓட்டுகிறான். முதலாளி சடையப்பனுக்குச் சிதம்பரத்தில் வீடு. செம்மங்குப்பம் பக்கம் சாயக் கெமிக்கல் கம்பெனி. கம்பெனி திவால் என்று கேட்டைப் பூட்டி ஒன்றரை வருஷமாகிறது. நூற்று முப்பத்தெட்டுப் பேருக்குச் சம்பளப் பாக்கி. அதில் ஒருவன்தான் பாய்லர் ஆபரேட்டர் சிங்காரம், பொன்னியின் ஒரே தம்பி. பத்தொன்பது வருஷம் அந்தச் சூட்டில் நின்றவன், இப்போது இருமிக்கொண்டே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கிறான்.

"கம்பெனில ஒண்ணுமில்ல" என்று முதலாளி கையை விரித்துவிட்டார். ஒளித்த சொத்து ஏதாவது உண்டா என்று தோண்டிப் பார்க்கத் தீர்ப்பாயம் மூலமாக அருள்மொழி என்ற பெண் வந்தாள். தடயக் கணக்காளர் என்று அவள் கார்டில் அச்சடித்திருந்தது. தொழிலாளிகளுக்கெல்லாம் அவள் ஆடிட்டரம்மா.

அந்த ஆடிட்டரம்மா செவ்வாய்க்கிழமை மத்தியானம், காத்தவராயன் இல்லாத நேரமாகப் பார்த்து, பொன்னி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"ஒளிச்சு வெக்கிறவங்க சொந்தப் பேருல வெக்க மாட்டாங்கம்மா. அதனால நான் மொதலாளி பேரத் தேடவே இல்ல. அவருக்கு வண்டி ஓட்டுறது யாரு, சோறாக்குறது யாரு, வாட்ச்மேன் யாரு, அவுங்க வீட்டுக்காரம்மா யாரு... இந்தப் பேருங்களத்தான் ஒவ்வொண்ணா பத்திர ஆபீஸ் வில்லங்கத்துல போட்டுப் பாத்தேன்."

பொன்னி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"ஒம்போது வருஷம் முன்ன, பாய்லர் ரிப்பேர்னு கம்பெனி கணக்குலேர்ந்து நாப்பத்திரண்டு லட்சம் போயிருக்கு. ஒங்க தம்பியக் கேட்டேன். அந்த வருஷம் பாய்லர்ல ஒரு நட்டக்கூட கழட்டலன்னாரு. அதே வாரத்துல புதுச்சத்திரத்துக்கிட்ட பதினோரு ஏக்கர் நாப்பது சென்ட் முந்திரித் தோப்பு, பொன்னி, கணவர் பேர் காத்தவராயன்னு பதிவாயிருக்கு. இன்னிக்கு அது ஆறு கோடிக்கு மேல போவும். அத்தனை பேரு பாக்கியும் அடஞ்சிடும்."

பிறகு பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள். பொன்னிக்குத் தன் கையெழுத்து தெரிந்தது. மகளிர் உரிமைத்தொகை கேட்டு அவள் போட்ட மனுவை, பத்து ஏக்கருக்கு மேல் நிலம் இருப்பதாகச் சொல்லி நிராகரித்திருந்தார்கள். காத்தவராயன், "விட்டுடு, அந்த ஆயிரம் ரூபா வேணாம்" என்றான். பொன்னியா விடுவாள்? குடியிருக்க ஒரு சுவர் சொந்தமில்லாதவளைப் பார்த்துப் பத்து ஏக்கர்காரி என்றால் ஆத்திரம் வராதா? அவனுக்குத் தெரியாமல் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு எழுதிப் போட்டுவிட்டாள். 'எனக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை ஐயா' என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

"ஒங்க பேரு வந்ததும் கோட்டாட்சியர் ஆபீசுல விசாரிச்சேன், இந்த மனு கெடச்சுது. ஒங்களுக்குத் தெரியாமத்தான் ஒங்க பேருல வெச்சாங்கன்னு சொல்றதுக்கு இதுதான் சாட்சி. ஆனா ஒங்க வாயால சொல்லணும். இந்த நெலம் ஒங்களோடதா?"

பொன்னி அந்தக் காகிதத்தை அவள் பக்கமே திருப்பி நகர்த்தினாள்.

"நான் போலீஸ் இல்ல, கட்டாயப்படுத்த மாட்டேன். ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு உறுதி சொல்லவும் என்னால முடியாது. திங்கக்கெழம இதுக்குத் தடை உத்தரவு வாங்கிடுவோம். அதுவரைக்கும் நெலம் கை மாறக் கூடாது. மாறி, அங்கேர்ந்து இன்னொரு கைக்குப் போயிட்டா, நான் வருஷக்கணக்கா தொரத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஒங்க தம்பிக்கு அவ்ளோ நாளு இருக்கான்னு தெரியல."

இதைச் சொல்லி, தன் கார்டையும் பொன்னி கையில் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். சாயங்காலம் வந்த காத்தவராயனிடம் பொன்னி எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். ஒன்பது வருஷம் முன்னால் ஒரு நாள், "மொதலாளி வீட்டு விஷயம், சாட்சிக் கையெழுத்து போடணும் வா" என்று அவளை அழைத்துப் போனானே, போட்டோ எடுத்தார்களே, விரல் வைத்தார்களே, திரும்பும்போது பிரியாணி வாங்கிக் கொடுத்தானே, அதுதான் இது. ஒப்புக்கொண்டவன் அப்படியே எழுந்து போய் முதலாளிக்கும் போன் போட்டான்! "இத்தினி வருஷம் சோறு போட்டவரு, அவருகிட்ட சொல்லாம எப்டிடி?" என்றான்.

முதலாளியிடமிருந்து மறுபடி போன் வந்தது. வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் பத்திரம். நிலத்தை வாங்குவது முதலாளியின் மச்சான் கதிர்வேல். பொன்னி வந்து கையெழுத்தும் விரலும் வைத்தால் போதும். அன்று ராத்திரிதான் சிங்காரம் வந்து அந்தச் சாபத்தை விட்டான்.

புதனும் வியாழனும் பொன்னி ஒரு காரியம் செய்தாள். காலையில் முதல் பஸ் பிடித்துப் பண்ருட்டிக்குப் போய், மங்கலத்தின் கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன் செய்த வேலை; பணமுடையான சமயங்களில் இப்போதும் போவாள். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டினால் தோட்டிலிருந்து கறுப்பு எண்ணெய் கசியும். கையில் பட்டால் தோல் உரியும். அதனால் எல்லாரும் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். பொன்னி தொடவில்லை.

"ஏண்டி, சாம்பல் தொட்டுக்கோடி! கை இன்னா இரும்பா?" என்று மங்கலம் கத்தினாள்.

"பரவால்லக்கா" என்றாள் பொன்னி.

ஏன் இப்படிச் செய்தாள் என்று இப்போதே என்னைக் கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்கு வந்துவிடுவோம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு முதலாளியின் கார் தெருமுனைக்கு வந்தது. ஓட்டியவன் புருஷன்தான். பொன்னி பின்சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் முதலாளியின் மேனேஜர் பாலகுமார், மடியில் பத்திரக் கட்டு.

கார் செம்மங்குப்பம் தாண்டியது. பூட்டிய கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ் பாதி கிழிந்து ஆடியது. அங்கேதான் சிங்காரம் மூன்று ஷிப்டும் பார்த்தான். பொன்னி முந்தானைக்குள் கைகளை இன்னும் இழுத்துக்கொண்டாள். எரிச்சல் தாங்கவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் காத்தவராயன் தன்னையறியாமல் வண்டியை மெதுவாக்கினான். இடது கைப்பக்கம் கம்பிவேலி. அதற்குள்ளே கண்ணுக்கெட்டின வரைக்கும் முந்திரி, தழைத்துத் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இதா?" என்றாள் பொன்னி.

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். தன் பேரில் இருக்கும் நிலத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேலியோரம் ஒரு கிழவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். 'அந்த ஆட்டுக்கு இருக்கிற உரிமைகூட எனக்கு இதில் இல்லையே' என்று நினைத்துக்கொண்டாள்.

"வேகமா போப்பா, ராகு காலத்துக்கு முன்ன வீட்டுக்குப் போயிடணும்" என்றார் பாலகுமார்.

சடையப்பன் எதைச் செய்தாலும் நேரம் பார்த்துத்தான் செய்வார். கம்பெனிப் பணத்தைச் சுருட்டியதற்கும் நல்ல நேரம் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, பார்த்திருப்பார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். பத்திர ஆபீஸ் டோக்கன் பன்னிரண்டேகாலுக்கு. அதுவரை பொன்னி அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"வாம்மா பொன்னி. டிபன் சாப்புட்டியா? போன இந்தத் தட்டுல வெச்சிடு, சார்ஜ் போட்டுத் தரச் சொல்றன்" என்று சிரித்துக்கொண்டே வரவேற்றார். பொன்னி போனை வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போன பாலகுமார் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

முன்னறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். கதவு திறந்துதான் கிடந்தது. எழுந்து நடந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. நடந்து எங்கே போவாள்? புருஷன் வாசலில் கார் துடைக்கிறான். தம்பி வீட்டுக்குப் போனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆடிட்டரம்மாவிடம் போனால் 'என் பேரில்தான் இருக்கிறது' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஜெயில் என்று பாலகுமார் காரிலேயே மூன்று தடவை சொல்லியாயிற்று.

சடையப்பன் எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு மஞ்சள் ஃபைல்.

"அறிவுமதிக்குப் பெங்களூர்ல வேல கெடச்சிடுச்சாமே? ரொம்ப சந்தோஷம்மா. நர்ஸ் வேல பெரிய புண்ணியம்."

அறிவுமதி பொன்னியின் மகள். அவளுக்கு நாலு வருஷம் ஃபீஸ் கட்டியவர் சடையப்பன்தான். கட்டும்போது, பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி அவளுடைய ஒரிஜினல் சர்ட்டிபிகேட் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டார். வருகிற செவ்வாய்க்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். ஒரிஜினல் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள்.

"எல்லாம் இதுல இருக்கு. கையெழுத்து முடிஞ்சதும் நீயே எடுத்துக்கிட்டுப் போ." ஃபைலைத் தட்டிக் கொடுத்தார். "நான் ஒண்ணும் திருடன் இல்லம்மா. தொழில் எப்ப படுக்கும்னு யாருக்குத் தெரியும்? கொஞ்சம் ஒதுக்கி வெச்சேன். நீ அஞ்சறைப் பெட்டியில ஒதுக்கி வெக்க மாட்ட?"

பொன்னிக்குச் சுருக்கென்றது. "வெப்பன்ங்க. எங்க வீட்டு அஞ்சறைப் பெட்டியில என் துட்டுதான் இருக்கும்."

சடையப்பனின் சிரிப்பு அப்படியே நின்றது. வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்த காத்தவராயனின் கையும் நின்றது.

"காத்தவராயா" என்று அவர் குரல் கொடுத்தார். "ஒன் பொண்டாட்டிக்கு எடுத்துச் சொல்லுடா."

காத்தவராயன் உள்ளே வந்து அவள் பக்கத்தில் குனிந்தான். கண் கலங்கியிருந்தது.

"பொன்னி, இன்னிக்கு ஒரு நாளு. வெரல வெச்சிட்டு வந்துடு. நமக்கு எதுக்கு இந்த வம்பு? புள்ள வேலைக்குப் போவட்டும்."

"சிங்காரம்?"

அவன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். சிங்காரம் அவனுக்கு வெறும் மச்சான் இல்லை. இந்தக் கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டதே இவன்தான்.

பன்னிரண்டு அடித்ததும் சடையப்பன் விபூதி எடுத்துக் கொடுத்தார். பொன்னி இடது கையை நீட்டாமல், வலது கையையும் நீட்டாமல், நெற்றியைக் காட்டினாள். பக்தி என்று நினைத்துக்கொண்டு அவரே பூசிவிட்டார்.

பத்திர ஆபீஸில் முகூர்த்த நாள் கூட்டம். சடையப்பன் காரைவிட்டு இறங்கவில்லை. மஞ்சள் ஃபைலும் அவரோடு காரிலேயே இருந்தது. உள்ளே போனது நாலு பேர்: பொன்னி, காத்தவராயன், பாலகுமார், வாங்குகிற கதிர்வேல். கதிர்வேல் அடிக்கொரு தரம் வாட்சைப் பார்த்தார்.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "விக்கிறவங்க வாங்க. வெரல் வைங்கம்மா" என்றாள்.

பொன்னி முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள்.

"ஐயோ! என்னம்மா கை இது?"

பத்து விரல் நுனியும் கறுத்து, உரிந்து, சில இடங்களில் கொப்புளம் கட்டியிருந்தது. பொன்னி வலது கட்டைவிரலைக் கருவியில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள்காட்டி விரல், சிவப்பு. இடது கை, அதுவும் சிவப்பு. பாலகுமார் கைக்குட்டையால் கருவியைத் துடைத்தார், அவள் விரலைத் துடைக்க வந்தார். அவள் இழுத்துக்கொண்டாள்.

இப்போது சொல்கிறேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. கொட்டை உடைத்த வாரம் ரேஷன் கடையில் விரல் விழாது. கடைக்காரர் கையைப் பார்த்துவிட்டு, "தோலு வளந்ததும் வாம்மா" என்று அனுப்பிவிடுவார். பொன்னிக்குச் சட்டம் தெரியாது, தீர்ப்பாயம் தெரியாது. தன் விரல் எத்தனை நாள் விழாது என்பது தெரியும். திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும்.

காத்தவராயன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அடிப்பாவி, அதுக்குத்தான் ரெண்டு நாளா போனியா?" என்றான் மெதுவாக.

பாலகுமார் லேசுப்பட்டவரா? "மேடம், வெரல் விழலன்னா வேற வழி இருக்கில்ல?" என்றார்.

"ஆதாருக்கு லிங்க் பண்ணின போனுக்கு ஓ.டி.பி. அனுப்பலாம். பத்து நிமிஷத்துக்குள்ள சொல்லணும். அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க, அனுப்புங்க."

இதைப் பொன்னி நினைத்துப் பார்க்கவே இல்லை. ரெண்டு நாள் வெந்ததெல்லாம் வீணா? பாலகுமார் சட்டைப் பையிலிருந்து அவளுடைய போனையே எடுத்தார். எல்லாரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு நிமிஷமாயிற்று, ரெண்டு நிமிஷமாயிற்று. ஒன்றும் வரவில்லை.

"கடைசி நாலு நம்பர் 4172. இந்த போன்தானா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லியே! யாரு நம்பர் அது?"

அந்த நேரம் காத்தவராயனின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவன் முகம் வெளுத்துப்போனான். பாலகுமார் எட்டிப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரைத் தட்டினார்.

"மாமா, நான் சிங்காரம் பேசுறன்." இருமல். "எனக்கு ஏதோ ஆறு நம்பர் வந்திருக்கு மாமா. பத்திர ஆபீசுன்னு போட்டிருக்கு. நான் எங்க பத்திரம் போட்டேன்? எவனாவது ஏமாத்தறானா?"

பொன்னிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஆதார் எடுத்தபோது அவளிடம் போன் ஏது? தம்பி நம்பரைத்தான் கொடுத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

"நம்பர வாங்குடா, ஒன் மச்சான்தான!" என்று பாலகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

காத்தவராயன் போனை வாயருகே கொண்டுபோனான். "மச்சான்..."

"சொல்லு மாமா."

"அந்த நம்பர... அது வந்து மச்சான்..."

பொன்னி அந்த உரிந்த கையாலேயே போனைப் பிடுங்கினாள்.

"சிங்காரம், அக்கா பேசுறன். அந்த நம்பர யாருக்கும் சொல்லாத. மாமா கேட்டாலும் சொல்லாத."

"எதுக்குக்கா? நீ எங்க இருக்க?"

மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"செதம்பரத்துல. பாய்லர் ரிப்பேர்னு பொய்க் கணக்கு எழுதி ஒங்க துட்டுல நெலம் வாங்கினாங்களே, பதினோரு ஏக்கரு... அது என் பேருலதான்டா இருக்குது. இப்ப அத வேற பேருக்கு மாத்தப் பாக்குறாங்க. நீ அந்த நம்பரச் சொல்லிடாதடா."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

"ஒன் பேருலயாக்கா?" என்றான் சிங்காரம். லைன் அறுந்தது.

கம்ப்யூட்டர்ப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "டைம் முடிஞ்சிடுச்சு" என்றாள்.

அதிகாரி பத்திரத்தை மூடி பாலகுமார் பக்கம் தள்ளினார். "அந்தம்மா சம்மதமில்லாம நான் பதிய மாட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க."

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கதிர்வேல் வெளியே போனார். பாலகுமார் பொன்னியின் போனைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு காருக்கு ஓடினார். காரிலிருந்து ஹாரன் அடித்தது. முதலாளி கூப்பிடுகிற ஹாரன் அது. இருபத்தாறு வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் காத்தவராயன் ஓடாத நாளில்லை.

அவன் ரெண்டடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினான்.

"என் போன நீ வெச்சிக்க" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான்.

"ஏய்யா, புள்ள ஃபைலு?"

அவன் காரை நோக்கி நடந்தான். கார் கிளம்பியது. சடையப்பனும், மஞ்சள் ஃபைலும், அவள் புருஷனும் அதிலே போனார்கள்.

பொன்னி ஆபீஸ் படியருகே நின்றாள். முந்தானை முடிச்சில் ஆடிட்டரம்மாவின் கார்டு இருந்தது. அதை அவிழ்ப்பதற்குள் போன் அடித்தது. சிங்காரம். பின்னால் வண்டிச் சத்தமும், ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தமும்.

"அக்கா, அங்கயே இரு. எங்கயும் போவாத. கம்பெனி ஆளுங்க பத்து பேரு வேன்ல கெளம்பிட்டோம்."

"எதுக்குடா வரீங்க?"

அதற்குள் வைத்துவிட்டான். குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று, அவனைத் தூக்கி வளர்த்தவளுக்கே பிடிபடவில்லை. ஓடிப்போகவும் இடமில்லை. பொன்னி படியிலேயே உட்கார்ந்து, எரிகிற கையை ஊதிக்கொண்டு, கடலூர் வண்டிகள் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.